போனை விடுங்கள், ஃபைலைப் பூட்டுங்கள்: ஊழியர்களின் சொந்தப் போனில் கம்பெனித் தரவைக் காக்கும் பாலிசி போடுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி. ஆபீஸில் அறுபது பேர் இருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதலாளி போன் செய்தார். ஆர்டர்களைக் கவனிக்கும் மூத்த மெர்ச்சன்டைசர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறாராம், அவர் போனில் நான்கு வருடத்து காஸ்டிங் ஷீட்டும் (விலைக் கணக்கு) டெக் பேக்கும் (ஆடையின் வடிவமைப்பு விவரம்) பயர் (ஆர்டர் கொடுப்பவர்) மெயிலும் அப்படியே கிடக்கிறதாம். "ஏனுங்க தம்பி, அவரு போனையே மொத்தமா அழிச்சுப்போட முடியாதுங்களா?" என்று கேட்டார். முடியாதுங்க என்றேன். போன் அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. அதில் அவர் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அப்படியே முடிந்தாலும் செய்யக் கூடாது, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிடும்.

அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு அங்கே உட்கார்ந்து செய்த வேலையைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருக்கும் சின்ன, நடுத்தரக் கம்பெனிகளுக்கு இது அப்படியே பொருந்தும். கருவியின் பெயர் இன்டியூன். அதற்குள் இருக்கும் 'ஆப் புரொடெக்‌ஷன் பாலிசி'தான் நமக்கு வேண்டியது. மெனுப் பெயர்களை மைக்ரோசாஃப்ட் அவ்வப்போது மாற்றும் என்பதால், ஒரு பட்டன் சொன்ன இடத்தில் இல்லை என்றால் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

முதலில் ஒரு முடிவு: போனையா, ஆப்பையா?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, போனையே கம்பெனியின் கட்டுப்பாட்டில் பதிவு செய்வது, எம்டிஎம் (மொபைல் டிவைஸ் மேனேஜ்மென்ட்) என்பார்கள். கம்பெனி வாங்கிக் கொடுத்த போன், லேப்டாப் என்றால் இதுதான் சரி. இன்னொன்று, போனைத் தொடாமல் அதிலிருக்கும் அவுட்லுக், டீம்ஸ், எக்செல், ஒன்டிரைவ் போன்ற ஆப்களுக்குள் கம்பெனிக் கணக்கு வழியாக வந்த தரவை மட்டும் வேலி போட்டு வைப்பது, எம்ஏஎம் (மொபைல் அப்ளிகேஷன் மேனேஜ்மென்ட்). சொந்தப் போனுக்கு இதுதான். ஒரே அவுட்லுக்கில் ஒருவர் தன் சொந்த மெயிலையும் கம்பெனி மெயிலையும் சேர்த்து வைத்திருந்தால்கூட, கம்பெனிக் கணக்குக்கு மட்டும்தான் பாலிசி பொருந்தும், சொந்த மெயில் பக்கம் எட்டிப் பார்க்காது.

இந்த வித்தியாசத்தை முதலாளிக்கும் ஊழியருக்கும் நீங்கள்தான் புரிய வைக்க வேண்டும். 'கம்பெனி என் போனுக்குள்ளே வருது' என்று ஒருமுறை பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் யாரும் ஆப்பை இறக்க மாட்டார்கள்.

படி 1: என்ன இருக்கிறது என்று பாருங்கள்

லைசென்ஸில் ஆரம்பியுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியத்தில் இன்டியூனும், கணக்குகளையும் உள்நுழைவையும் நிர்வகிக்கும் என்ட்ரா ஐடி பி1-உம் சேர்ந்தே வருகின்றன. 300 பேர் வரை எடுக்கலாம். பேசிக், ஸ்டாண்டர்டு இரண்டிலும் இவை கிடையாது. பல கம்பெனிகளில் பிரீமியத்துக்குப் பணம் கட்டிக்கொண்டே வெறும் மெயிலுக்கு மட்டும் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். மாறாக, எல்லாரிடமும் ஸ்டாண்டர்டுதான் இருக்கிறது என்றால் முதல் சுற்றில் விலை, பயர், சம்பளத் தரவைத் தொடுகிறவர்களுக்கு மட்டும் பிரீமியம் வாங்கினால் போதும்.

அடுத்தது கம்ப்யூட்டரில் இல்லை, ஆட்களிடம் இருக்கிறது. ஒரு அரை நாள் ஒதுக்கி, ஊழியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு ஃபைல் எங்கே வந்து எங்கே போகிறது என்று வேடிக்கை பாருங்கள். நான் பார்த்தது இது: பயர் அனுப்பிய டெக் பேக் அவுட்லுக்கில் வரும். மெர்ச்சன்டைசர் அதைப் போனில் திறந்து, பகிர் பட்டனை அழுத்தி, வாட்ஸ்அப்பில் பிரிண்டிங் யூனிட்காரருக்குத் தள்ளிவிடுவார். கூலிக்கு வேலை செய்து தரும் அந்த ஜாப் ஒர்க் யூனிட்டில் மெயில் பார்க்கும் பழக்கமே இல்லை. துணியில் ஓட்டை விழுந்தால் தரம் பார்க்கும் க்யூசி ஆள் போட்டோ எடுத்து டீம்ஸில் போடுவார். ஹெச்ஆரில் இருப்பவரின் கேலரியிலோ புதிதாகச் சேர்ந்த டெயிலர்களின் ஆதார் அட்டை நூற்றுக்கணக்கில் கிடந்தது. இதில் ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வேலை நடக்க வேண்டுமே என்று செய்திருக்கிறார்கள்.

இந்தப் பாதைகளைத் தெரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் 'பிளாக்' போட்டால், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பாலிசியை எடுக்கச் சொல்லி உத்தரவு வரும். அல்லது அதைவிட மோசமாக, லேப்டாப் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பிப்பார்கள். அதைத் தடுக்க எந்த மென்பொருளாலும் முடியாது.

படி 2: ஒரு பக்கத்தில் எழுதுங்கள், தமிழில்

செட்டிங்கைத் தொடும் முன் ஒரே ஒரு ஏ4 பக்கம். கம்பெனி எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது, வேலையை விடும்போது என்ன அழியும், போன் தொலைந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், இவ்வளவுதான். பார்க்கக்கூடியது: யார், எந்த மாதிரிப் போனில், எந்த வேலை ஆப்பை, கடைசியாக எப்போது திறந்தார். பார்க்க முடியாதவை: படங்கள், வாட்ஸ்அப், கால் விவரம், லொகேஷன், சொந்த மெயில். இதை எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வக்கீல் நடையில் பன்னிரண்டு பக்கம் எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

படி 3: குரூப்

என்ட்ராவில் மூன்று குரூப் போதும். முன்னோட்டக் குரூப்பில் ஐந்தாறு பேர், அதில் ஒருவராவது ஐபோன்காரராகவும் ஒருவராவது எதற்கெடுத்தாலும் குறை சொல்பவராகவும் இருக்கட்டும், பிழைகளைக் கண்டுபிடிப்பது அவர்தான். அப்புறம் மெர்ச்சன்டைசிங் போல வெளியாட்களோடு அதிகம் பழகும் குரூப், மீதிப் பேருக்கு ஒரு குரூப்.

கூடவே ஒரு சின்ன வேலை. இன்டியூனில் 'டிவைஸ்' பகுதியில் பதிவுக் கட்டுப்பாடு இருக்கும், அதில் சொந்தச் சாதனங்களைப் பதிவு செய்வதைத் தடுத்துவிடுங்கள். இல்லையென்றால் யாராவது மைக்ரோசாஃப்டின் 'கம்பெனி போர்ட்டல்' ஆப்பைத் திறந்து, கேட்டதற்கெல்லாம் 'சரி' அழுத்தித் தன் போனை முழுதாகக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடுவார்.

படி 4: ஆண்ட்ராய்டு பாலிசி, ஒவ்வொரு செட்டிங்காக

இன்டியூன் நிர்வாகப் பக்கத்தில் 'ஆப்ஸ்', அதற்குள் 'புரொடெக்‌ஷன்', பிறகு புதிய பாலிசி, ஆண்ட்ராய்டு. பாலிசிக்குப் பெயர் வைக்கும்போது தளம், குரூப், தேதி மூன்றும் வருமாறு வையுங்கள், ஆறு மாதம் கழித்து நீங்களே நன்றி சொல்வீர்கள். ஆப் தேர்வில் 'கோர் மைக்ரோசாஃப்ட் ஆப்ஸ்' எடுத்தால் அவுட்லுக், டீம்ஸ், வேர்டு, எக்செல், ஒன்டிரைவ், எட்ஜ் எல்லாம் வந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் தன் வழிகாட்டுதலில் மூன்று நிலை வைத்திருக்கிறது: அடிப்படை, மேம்பட்டது, உச்சம். நம்மைப் போன்ற கம்பெனிகளுக்கு நடு நிலையை எடுத்து அதில் சில இடங்களைத் தளர்த்துவதுதான் சரி. அந்தச் சில இடங்கள் கீழே வருகின்றன.

பேக்கப்: பிளாக். இல்லையென்றால் கம்பெனித் தரவு அவரவர் கூகுள் கணக்குக்குப் போய் உட்காரும்.

மற்ற ஆப்களுக்குத் தரவு அனுப்புதல்: 'பாலிசி மேனேஜ்டு ஆப்ஸ்' மட்டும். மொத்தப் பாலிசியின் முதுகெலும்பே இந்த ஒரு வரிதான். இதைப் போட்டவுடன் அவுட்லுக்கிலிருந்து எக்செலுக்குப் போகலாம், வாட்ஸ்அப்புக்குப் போக முடியாது. இதற்குக் கீழேயே விதிவிலக்கு கொடுக்க ஒரு பட்டியல் இருக்கும். வாட்ஸ்அப்பை அதில் சேர்க்கச் சொல்லி உங்களுக்கு நெருக்கடி வரும், முதலாளியே கேட்பார். சேர்த்தால் இந்தப் பாலிசி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்ற ஆப்களிலிருந்து தரவு வாங்குதல்: எல்லா ஆப்பும். உள்ளே வருவதைத் தடுக்கத் தேவையில்லை. இதோடு ஒட்டி 'ஓபன் டேட்டா இன்டு ஆர்க் டாக்குமென்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. தரவு வாங்குதலை 'பாலிசி மேனேஜ்டு ஆப்ஸ்' என்று வைத்தால்தான் அதை மாற்ற முடியும். அப்படி வைத்து அதை பிளாக் போட்டால் கேமராவும் போட்டோ லைப்ரரியும் அனுமதிப் பட்டியலில் டிக் ஆகியிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். நான் முதலில் அப்படி வைத்தபோது பார்க்கவில்லை. மறுநாள் க்யூசி ஆள், ஓட்டை விழுந்த துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, "அண்ணா, போட்டோவே ஏற மாட்டேங்குது" என்று மாடியேறி வந்து நின்றார்.

நகல் சேமித்தல்: பிளாக், ஆனால் ஒன்டிரைவும் ஷேர்பாயிண்டும் விலக்கு. ஃபைல் போனின் டவுன்லோடு ஃபோல்டருக்குப் போகாது, கம்பெனியின் ஒன்டிரைவுக்குப் போகும்.

கட், காப்பி, பேஸ்ட்: 'பாலிசி மேனேஜ்டு ஆப்ஸ் வித் பேஸ்ட் இன்'. வெளியிலிருந்து உள்ளே ஒட்டலாம், உள்ளிருந்து வெளியே ஒட்ட முடியாது. இதற்கு அடுத்த வரியைப் பலர் கவனிப்பதில்லை: எத்தனை எழுத்து வரை வெளியே காப்பி செய்ய விடலாம் என்று ஒரு எண். வழக்கமாகப் பூஜ்யம் இருக்கும். பூஜ்யமாகவே விட்டால் மெயிலில் வந்த கொரியர் நம்பரையோ ஆர்டர் நம்பரையோகூட வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாமல், பேப்பரில் எழுதி வைத்து டைப் அடிப்பார்கள், அதில் ஒரு இலக்கம் தப்பும். நான் பொதுவாக 40 வைக்கிறேன். ஒரு போன் நம்பர், ஒரு ஆர்டர் நம்பர், ஒரு பெயர் போகும், மெயில் முழுதாகப் போகாது.

மெர்ச்சன்டைசிங் குரூப்புக்கு மட்டும் தனிப் பாலிசி போட்டு இதை 250 ஆக வைத்தேன். காரணம் ஜாப் ஒர்க் யூனிட். டெக் பேக்கை ஃபைலாக அனுப்ப முடியாது என்று கதவை அடைத்துவிட்டோம், வேலை நடக்க வேண்டுமே. எனவே ஒன்டிரைவில் 'பார்க்க மட்டும்' இணைப்பு ஒன்றை உருவாக்கி அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். அந்த இணைப்பும் நீளமானது, 40 எழுத்துக்குள் அடங்காது. ஷேர்பாயிண்ட் நிர்வாகப் பக்கத்தில் பகிர்வுப் பகுதிக்குப் போய், யாருக்கும் திறக்கும் இணைப்புகள் 7 நாளில் காலாவதியாகும்படியும் பார்க்க மட்டும் முடியும்படியும் வைத்தாயிற்று. 250 எழுத்தில் ஒரு விலையும் வெளியே போகுமே என்று கேட்கலாம். போகும். விலையை வாயால் சொன்னாலும் போகும். நான் தடுக்க நினைத்தது நான்கு வருடத்து ஷீட் மொத்தமாகப் போவதை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்கிரிப்ஷன் கட்டாயம். ஸ்க்ரீன்ஷாட் பிளாக். பிரிண்ட் பிளாக். இணைய இணைப்புகள் எட்ஜில் மட்டும் திறக்க வேண்டும். அறிவிப்புகளில் கம்பெனித் தரவை மறைத்துவிடுங்கள், லாக் ஆன திரையில் பயர் மெயிலின் முதல் வரி தெரியக் கூடாது. போன் நம்பரைத் தொட்டால் எந்த டயலரிலும் திறக்கலாம் என்று விட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் நிதானமாகப் பாருங்கள். பாலிசி ஆப்களின் தரவைப் போனின் சொந்த ஆப்களோடு ஒத்திசைப்பது பற்றிய வரி. தயங்காமல் பிளாக் போட்டுவிடுவோம், பெயரைப் பார்த்தாலே ஆபத்தாகத் தெரியும். ஆனால் அவுட்லுக் தொடர்புகள் போனின் காண்டாக்ட்ஸுக்குப் போவது இந்த வழியாகத்தான். அடைத்தால் யார் கூப்பிடுகிறார்கள் என்று பெயர் தெரியாது, வெறும் நம்பர்தான் தெரியும். ஹாங்காங் பயிங் ஆபீஸிலிருந்து வந்த அழைப்பை விளம்பர அழைப்பு என்று நினைத்து வெட்டிவிட்டார் ஒருவர். அன்றே திறந்துவிட்டேன். அவுட்லுக்கிலிருந்து நேராகப் போனுக்குப் போன தொடர்புகள், பிறகு தரவை அழிக்கும்போது சேர்ந்தே போய்விடும். ஆனால் போனிலிருந்து அவை கூகுள் கணக்குக்கு நகலாகிவிட்டால் திரும்பப் பிடிக்க முடியாது.

படி 5: ஐபோனில் என்ன மாறும்

பெரும்பாலும் இதே செட்டிங்தான், ஐஓஎஸ் என்று தனிப் பாலிசியாகப் போட வேண்டும். பேக்கப் வரி ஐகிளவுட் என்று இருக்கும். கீபோர்டு விஷயம் நமக்கு முக்கியம்: வெளிக் கீபோர்டுகளைத் தடுக்கும் ஒரு வரி உண்டு. தடுத்தால், தனியாக இறக்கிய தமிழ்க் கீபோர்டு வேலை ஆப்களுக்குள் வராது. பதற வேண்டாம், ஐபோனிலேயே தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளமைந்தே வருகின்றன, அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் 'அங்கீகரித்த கீபோர்டுகள்' என்ற பட்டியலை இயக்கினால், ஊழியர்கள் தமிழ் அடிக்கப் பயன்படுத்தும் கீபோர்டு அதில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். நான் ஆண்ட்ராய்டில் அதை இயக்கவே இல்லை.

இன்னொரு வித்தியாசம்: ஆண்ட்ராய்டில் பாலிசி வேலை செய்ய கம்பெனி போர்ட்டல் ஆப் போனில் இருந்தாக வேண்டும். இருந்தால் போதும், திறந்து உள்நுழையத் தேவையில்லை. ஐபோனில் அது வேண்டாம், ஆனால் படி 7-க்கு ஆதென்டிகேட்டர் ஆப் வேண்டும்.

படி 6: பின் நம்பரும், திறக்கும் முன் சோதனையும்

ஆப்பைத் திறக்க 6 இலக்க பின் நம்பர், எளிய வரிசை கூடாது, கைரேகை அல்லது முகம் போதும், 30 நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி கேட்கும். 5 நிமிடம் என்று வைத்தால் பாதுகாப்பு கூடாது, எரிச்சல்தான் கூடும்.

'கண்டிஷனல் லாஞ்ச்' பகுதியில் ஐந்து வரி பார்த்தால் போதும். தப்பான பின் 5 முறை அடித்தால் புதிதாக வைக்கச் சொல்லும். ரூட் செய்த போன், ஜெயில்பிரேக் செய்த ஐபோன், அதாவது உள்ளமைந்த பாதுகாப்பை உடைத்தவை, இரண்டுக்கும் அனுமதி இல்லை. இணையம் இல்லாமல் 1440 நிமிடம், அதாவது ஒரு நாள், ஆனால் ஆப் திறக்காது. இணையமே இல்லாமல் 90 நாள் ஆனால் மறுபடி உள்நுழையச் சொல்லும், உள்நுழைய முடியாவிட்டால் கம்பெனித் தரவு அழியும். தொலைந்த போனை யாரோ சிம்மைக் கழற்றிவிட்டு வைத்திருந்தாலும் இந்தக் கடைசி வரி காப்பாற்றும். கணக்கு முடக்கப்பட்டிருந்தால்: தரவை அழி. இது வேலையை விட்டுப் போகிறவர்களுக்காக, படி 10-இல் பேசுவோம்.

குறைந்தபட்ச ஓஎஸ் பதிப்பை முதல் நாளே 'பிளாக்' போடாதீர்கள், 'எச்சரிக்கை' என்று போடுங்கள். ஃப்ளோர் சூப்பர்வைசர் வைத்திருக்கும் போன் அவர் தம்பி பயன்படுத்திக் கொடுத்ததாக இருக்கலாம். இரண்டு வாரம் ரிப்போர்ட்டைப் பார்த்து, எத்தனை பேர் பழைய பதிப்பில் இருக்கிறார்கள் என்று தெரிந்த பின் கம்பெனி புதுப் போன் வாங்கித் தருமா, அல்லது அவருக்கு மெயிலே வேண்டாமா என்று முடிவெடுக்கலாம். பாதிப் பேருக்கு உண்மையில் மெயில் வேண்டியிருக்காது.

படி 7: கதவில் காவல்

இதுவரை போட்டதெல்லாம் மைக்ரோசாஃப்ட் ஆப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான். ஊழியர் தன் போனோடு வந்த மெயில் ஆப்பில் கம்பெனிக் கணக்கைச் சேர்த்துவிட்டால் இத்தனை வேலியும் வீண், மெயில் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டே இருக்கும். பலர் படி 6-உடன் நிறுத்திவிட்டுப் பாலிசி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

என்ட்ராவில் 'கண்டிஷனல் ஆக்சஸ்' போங்கள், யார் எந்த நிபந்தனையில் உள்நுழையலாம் என்று சொல்லும் இடம். மைக்ரோசாஃப்டின் பொதுப் பாதுகாப்பு அமைப்பான செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தினால்தான் இது இயங்கும். நிறுத்தும்போது எல்லாருக்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பாலிசியை உடனே கூடவே போட்டுவிடுங்கள், அந்த இடைவெளியில் யாரும் வெறும் பாஸ்வேர்டோடு நிற்கக் கூடாது. புதிய பாலிசியில் முன்னோட்டக் குரூப், ஆபீஸ் 365, தளங்களில் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும், அனுமதி நிபந்தனையில் 'ரெக்வயர் ஆப் புரொடெக்‌ஷன் பாலிசி'. பழைய கட்டுரைகளில் 'அப்ரூவ்டு கிளையண்ட் ஆப்' என்று போடச் சொல்லியிருப்பார்கள், அதை மைக்ரோசாஃப்ட் கைவிடுகிறது, எடுக்க வேண்டாம். எக்ஸ்சேஞ்ச் ஆக்டிவ்சிங்க்கைத் தடுக்கத் தனியாக ஒரு பாலிசி போடுங்கள், பழைய மெயில் ஆப்கள் அந்த வழியாகத்தான் வரும்.

ஒரு கணக்கை மட்டும் எல்லாப் பாலிசியிலிருந்தும் விலக்கி வையுங்கள். அவசர நிர்வாகக் கணக்கு. நீண்ட பாஸ்வேர்டு, யாருடைய போனோடும் சேராத யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி, இரண்டும் முதலாளியின் பெட்டகத்தில். மைக்ரோசாஃப்ட் இப்போது நிர்வாகப் பக்கங்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டதால் வெறும் பாஸ்வேர்டு மட்டும் போதாது. இந்தக் கணக்கு இல்லாமல் ஒரு டிக்கைத் தப்பாகப் போட்டால் உங்களையே வெளியே வைத்துக் கதவு சாத்திக்கொள்ளும்.

முதலில் யாரையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் 'ரிப்போர்ட் ஒன்லி' முறையில் ஒரு வாரம் ஓடட்டும். சைன்-இன் பதிவுகளில் யாரெல்லாம் தடுக்கப்பட்டிருப்பார்கள் என்று பெயரோடு தெரியும். அவர்களை முன்கூட்டியே கூப்பிட்டு அவுட்லுக் இறக்க வைத்துவிடலாம்.

படி 8: முன்னோட்டம்

காலையில் போட்ட பாலிசி உடனே எல்லாருக்கும் போய்ச் சேராது, சிலருக்குச் சில மணி நேரம் ஆகும். வந்துவிட்டதா என்று பார்க்க போனில் எட்ஜைத் திறந்து, முகவரிப் பட்டையில் 'அபவுட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'இன்டியூன்ஹெல்ப்' என்று அடியுங்கள். எந்த ஆப்புக்கு எந்தப் பாலிசி வந்திருக்கிறது என்று அங்கே தெரியும்.

சோதனையை நீங்களே செய்யாதீர்கள், ஊழியரிடம் விட்டுப் பாருங்கள். மெயிலில் வந்த பிடிஎஃப்பை வாட்ஸ்அப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள், முடியக் கூடாது. கொரியர் நம்பரைக் காப்பி செய்து ஒட்டச் சொல்லுங்கள், முடிய வேண்டும். அவுட்லுக்கில் இருக்கும் ஒருவரை அவருக்கு போன் செய்ய வைத்துப் பெயர் வருகிறதா பாருங்கள். துணிப் போட்டோ. தமிழில் ஒரு மெயில். விமானப் பயன்முறையில் ஒரு மெயில். இந்த ஆறும் சரியென்றால் அடுத்த குரூப்புக்குப் போகலாம். புகார்கள் பெரும்பாலும் முதல் மூன்று நாளில் வந்துவிடும், அந்த மூன்று நாளும் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 9: லேப்டாப்

கம்பெனி லேப்டாப் என்றால் பேச்சே இல்லை, இன்டியூனில் முழுதாகப் பதிவு, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் கட்டாயம், மீட்புச் சாவி என்ட்ராவில் சேமிப்பு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அதில் இருப்பவற்றை மாற்றுங்கள்.

வீட்டு லேப்டாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு எட்ஜ் உலாவிக்கு மட்டும் ஆப் பாலிசி போடலாம், விண்டோஸ் 11 வேண்டும். இதில் ஒரு பொறி: கணக்கைச் சேர்க்கும்போது, கம்பெனி இந்தச் சாதனத்தை நிர்வகிக்கட்டுமா என்று கேட்டு ஏற்கெனவே டிக் போட்டு வைத்த ஒரு கட்டம் வரும். அதை எடுக்காமல் 'ஓகே' அழுத்தினால் வீட்டு லேப்டாப்பையே பதிவு செய்யப் பார்க்கும். இந்தத் திரையைப் படமெடுத்து, கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு அனுப்புங்கள், எழுத்தில் சொன்னால் யாரும் கவனிப்பதில்லை.

படி 10: வேலையை விட்டுப் போகும் நாள்

வரிசை முக்கியம். 'ஆப் செலக்டிவ் வைப்' பகுதியில் அந்த நபருக்கு அழிப்புக் கோரிக்கை போடுங்கள். பிறகு அவர் கணக்கின் உள்நுழைவை முடக்கி, திறந்திருக்கும் செஷன்களை ரத்து செய்யுங்கள். லைசென்ஸைப் பிடுங்குவதோ கணக்கை நீக்குவதோ அன்றைக்கு வேண்டாம். கோரிக்கை நிறைவேறியது என்று நிலை காட்டும் வரை பொறுங்கள். ஆப்பைத் திறந்தால்தான் அழிப்பு நடக்கும், அதற்கும் அரை மணி வரை ஆகலாம். செட்டில்மென்ட் கையெழுத்துக்கு வரும்போதே, அவர் எதிரிலேயே அவுட்லுக்கை ஒருமுறை திறக்கச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. படங்களும் வாட்ஸ்அப்பும் சொந்த மெயிலும் அப்படியே இருப்பதை அவரும் பார்த்துக்கொள்வார்.

போன் தொலைந்தாலும் இதே வழிதான், கூடுதலாகப் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அது ஆதார் நகல் இருந்த ஹெச்ஆர் போனாக இருந்தால் சட்டமும் உள்ளே வரும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி, அதன் பட்டியலில் உள்ள சைபர் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். என்ட்ராவின் சைன்-இன் பதிவுகள் பி1 லைசென்ஸில் 30 நாள்தான் நிற்கும், ஆகவே மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்துச் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஊழியர்களின் ஆதாரும் வங்கிக் கணக்கும்கூடத் தனிநபர் தரவுதான், பயர் தரவு மட்டும்தான் தரவு என்று நினைத்துவிடாதீர்கள். ஹெச்ஆர்காரரை இனிமேல் டீம்ஸ் அல்லது ஒன்டிரைவ் ஆப்பின் கேமராவில் ஸ்கேன் செய்யப் பழக்குங்கள், கேலரிக்குப் போகாது.

கடைசியாக, இன்டியூன் தொடவே முடியாத ஒன்று: வாட்ஸ்அப் உரையாடல். ஜாப் ஒர்க் யூனிட்டும் டிரான்ஸ்போர்ட்காரரும் மெர்ச்சன்டைசரின் சொந்த நம்பரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆள் போனால் நம்பரும் போகிறது, பேச்சு மொத்தமும் போகிறது. அதற்குக் கம்பெனிப் பெயரில் சிம் வாங்கி, அதே போனின் இரண்டாவது சிம் பள்ளத்தில் போட்டு, வாட்ஸ்அப் பிசினஸை அந்த நம்பரில் பதிவு செய்யுங்கள். இரண்டு-படிச் சரிபார்ப்பு பின்னையும் அதற்கான மீட்பு மெயிலையும் கம்பெனி வைத்துக்கொள்ளட்டும், ஊழியருடைய மெயிலைக் கொடுக்க விடாதீர்கள். ஆள் போகும் நாளில் சிம்மைக் கழற்றி அடுத்தவர் போனில் போட்டு, அதே நம்பரைப் பதிவு செய்தால் பழைய போனில் தானாக வெளியேறிவிடும். பழைய உரையாடல் அந்தப் போனில் தங்கிவிடும் என்பதால், சிம்மைக் கழற்றும் முன் முக்கியமான உரையாடல்களை ஏற்றுமதி செய்து ஒன்டிரைவில் போட்டு, அந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பை அவரே நீக்கச் சொல்லுங்கள். செட்டில்மென்ட் படிவத்தில் லேப்டாப், ஐடி கார்டு வரிசைக்குக் கீழே 'சிம்' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டோம்.